வாந்திபேதி பரவும் ஊரில்: களப் புலனாய்வுக்கு ஒரு வழிகாட்டி

தொற்றுநோய் ஆய்வுக்கு வருகிற இளம் மருத்துவர்களும் பொதுச் சுகாதாரப் பட்டதாரிகளும் முதலில் தேடுவது புள்ளியியல் மென்பொருள் வகுப்பைத்தான். அதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். ஒரு ஊரில் பேதி பரவுகிறது என்று தகவல் வந்ததும் கிளம்பிப் போய், அது எங்கிருந்து வந்தது, எப்படி நிறுத்துவது என்று ஆதாரத்தோடு சொல்லத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் அடித்தளம். டாக்காவில் வேலை பார்த்தாலும் ஜெனீவாவில் பார்த்தாலும் இது மாறாது. குழாய்த் தண்ணீரால் பரவும் வயிற்றுப்போக்கை, குறிப்பாகக் காலரா என்று சந்தேகிக்கும் நிலையை, எடுத்துக்கொண்டு அந்த வேலையை இங்கே விவரிக்கிறோம்.

படுத்துக் கிடப்பவர்களை எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள். அதே தெருவில் ஒன்றும் ஆகாமல் நடமாடுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. 1854-இல் லண்டன் பிராட் தெருக் காலராவை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளை மட்டும் குறித்துவிட்டு நின்றிருந்தால் அது வெறும் படமாகப் போயிருக்கும். பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தும் 5 பேர் மட்டுமே இறந்ததற்குக் காரணம், அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த பீர் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. காலராவைப் பரப்பிய தெருக் குழாயின் பக்கமே அவர்கள் போனதில்லை. நோய் வராதவர்களே தண்ணீரைக் காட்டிக்கொடுத்தார்கள். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை மறக்காதீர்கள்.

கிளம்பும் முன்

தகவல் சொன்னவரிடம் தொலைபேசியில் நான்கு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, பெரியவர்களா குழந்தைகளா, சாவு உண்டா. பிறகு அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டில் கடந்த மூன்று ஆண்டுகளின் இதே வாரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த மருத்துவர் ஒழுங்காகப் பதிவு செய்யத் தொடங்கியதாலோ, மருத்துவ முகாம் போட்டதாலோ எண்ணிக்கை கூடியிருக்கலாம். ஆனால் வாடி வதங்கிய பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் வந்தார்கள் என்றால் பதிவேட்டுக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: மல மாதிரியை ஆய்வகம் வரை கெடாமல் கொண்டுபோகும் கேரி-பிளேர் ஊடகக் குழாய்கள் இருபது, கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சிகள், வாயகன்ற மலக் குப்பிகள், சோடியம் தயோசல்பேட் போட்ட 250 மி.லி. தண்ணீர்ப் புட்டிகள், குளோரின் சோதனைப் பெட்டி, ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பெட்டி, கையுறை, அச்சிட்ட படிவங்கள், ஊர் வரைபடம். இவற்றைவிட முக்கியமானது ஆய்வகத்துக்கு ஒரு போன். காலராக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டி.சி.பி.எஸ். ஊடகம் தயாராக இருக்கிறதா, சனி ஞாயிறில் மாதிரியை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று கேட்டு வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய மாதிரி திங்கட்கிழமை வரை யாருடைய மேசையிலாவது கிடப்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

ஆதாரம் வரும்வரை கை கட்டி நிற்காதீர்கள்

போய்ச் சேர்ந்த அன்றே மூன்று வேலை தொடங்கியிருக்க வேண்டும்: வீட்டுக்கு வீடு ஓ.ஆர்.எஸ்., தண்ணீரில் குளோரின், சந்தேகப்படும் பகுதிக்கு லாரித் தண்ணீர். காலராவில் ஆளைக் கொல்வது நீரிழப்பு, அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் கடும் நிலையில் நரம்பு வழி திரவமும் போதும். 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமிட்டிருந்த மேற்கு வங்காளத்தின் பன்காவ்னில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் வைத்தே இதை நிரூபித்தார். இன்றைய பொட்டலத்தில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கும் வீடுகள் நிறைய உண்டு. கொடுக்கும்போதே அளவைச் செய்து காட்டுங்கள்.

யார் நோயாளி?

நோயாளி வரையறையை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். ஆள், இடம், காலம், அறிகுறி நான்கும் அதில் இருக்க வேண்டும். உதாரணம்: "இந்தப் பேரூராட்சியில் வசிப்பவர் அல்லது தங்கியிருந்தவர், ஜூன் 1-க்குப் பிறகு, 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீர்த்த பேதி கண்டவர்." இது சந்தேக நோயாளிக்கான வரையறை. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தால் உறுதியான நோயாளி. உறுதியானவர்களை மட்டும் எண்ணினால் கையில் ஆறு பேர்தான் மிஞ்சுவார்கள். வயிறு வலித்தவர்களையெல்லாம் சேர்த்தால் பாதி ஊர் உள்ளே வந்துவிடும்.

இங்கே ஒரு தவறு அனுபவசாலிகளிடமும் நுழைந்துவிடுகிறது. "7-ஆவது வார்டு குழாய்த் தண்ணீர் குடித்தவர்" என்று, சந்தேகப்படும் மூலத்தை வரையறைக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். அப்புறம் நோயாளிகள் அத்தனை பேரும் அந்தத் தண்ணீர் குடித்தவர்களாகத்தானே இருப்பார்கள்? எதை நிரூபிக்க வந்தோமோ அதையே விதியாக வைத்துவிட்டால், பின்னால் போடும் எந்தக் கணக்கும் செல்லாது.

லைன் லிஸ்ட்

இது நோயாளிகளின் பட்டியல், ஓர் ஆளுக்கு ஒரு வரி. வரிசை எண், வயது, பாலினம், தெருவும் வீட்டு எண்ணும், தொழில், நோய் தொடங்கிய தேதியும் நேரமும், பேதி, வாந்தி, காய்ச்சல், மலத்தில் ரத்தம், நீரிழப்பு நிலை, எங்கே சிகிச்சை, மாதிரி எடுக்கப்பட்டதா, முடிவு, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து. பெயரும் தொலைபேசி எண்ணும் தனித் தாளில் இருக்கட்டும். பகுப்பாய்வுக் கோப்பில் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் பட்டியலை அப்படியே போடும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

தேதியில்தான் பெரும்பாலும் சறுக்கும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருப்பது சேர்ந்த நாள். நமக்கு வேண்டியது பேதி தொடங்கிய நாள். "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் "ரெண்டு மூணு நாளா" என்பார்கள். "சந்தை நாளுக்கு முன்னாலா, பின்னாலா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடியா?" என்று கேட்டால் நேரமே கிடைத்துவிடும்.

அரசு மருத்துவமனையில் மட்டும் எண்ணாதீர்கள். தனியார் கிளினிக்குகள், மெடிக்கல் ஷாப்புகள் எல்லாவற்றுக்கும் போங்கள். எந்தத் தேதியிலிருந்து ஓ.ஆர்.எஸ்., பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை விற்பனை கூடியது என்று கடைக்காரரிடம் கேட்டால் பரவல் தொடங்கிய நாள் பற்றி நல்ல துப்பு கிடைக்கும். கிராமச் சுகாதாரச் செவிலியரோடு வீடு வீடாக நடங்கள். கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகைகள் வார்டுப் பட்டியலில் இருக்காது. நீங்களாகத் தேடிப் போனால்தான் உண்டு.

வயதைக் கவனியுங்கள். காலரா நிலைகொண்ட பகுதிகளில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள். 1992 இறுதியில் சென்னையிலும் பிற ஊர்களிலும் பெரியவர்களே அதிகமாக விழுந்தார்கள். அதுவரை இல்லாத ஓ139 வகைக் காலராக் கிருமி வந்திருந்தது. பழைய எதிர்ப்பாற்றல் அதனிடம் செல்லவில்லை. லைன் லிஸ்டின் வயது நெடுவரிசையே ஆய்வகத்துக்கு முன்னால் செய்தி சொல்லும் நாட்கள் உண்டு.

கர்வ், வரைபடம், விகிதம்

நோய் தொடங்கிய நேரத்தை வைத்து, எப்போது எத்தனை பேர் விழுந்தார்கள் என்று காட்டும் கட்டப் படத்தை, அதாவது எபி கர்வை, வரையுங்கள். ஒரு கட்டத்தின் அகலம் நோயரும்பு காலத்தில் (கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தோன்றும் வரை ஆகும் காலம்) கால் பங்கு அளவில் இருக்கட்டும். காலராவுக்கு 12 மணி நேரம் சரியாக வரும். எண்ணிக்கை குறைவென்றால் ஒரு நாள். சட்டென்று ஏறி மெல்ல இறங்கும் ஒற்றை முகடு என்றால், எல்லோரும் ஒரே சமயத்தில் எதையோ சாப்பிட்டிருக்கிறார்கள் அல்லது குடித்திருக்கிறார்கள். மேடாக நாட்கணக்கில் நீண்டால் மூலம் இன்னும் திறந்தே இருக்கிறது. முகடுகள் இடைவெளிவிட்டு ஒன்றைவிட ஒன்று பெரிதாக வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுகிறது.

நோயரும்பு காலமே கிருமியைக் கணிக்க உதவும். விருந்து சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி மிகுந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு அல்லது மீந்த சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ். 12 முதல் 48 மணி நேரமென்றால் நோரோ வைரஸ் மனதில் வரட்டும். சால்மொனெல்லா பெரும்பாலும் 12 முதல் 36. காலரா சில மணி நேரத்திலிருந்து 5 நாள் வரை. அரிசி களைந்த தண்ணீர் போல வலியில்லாமல் பேதி போகிறது, காய்ச்சல் இல்லை என்றால் காலராவை முதலில் நினையுங்கள். இதே குழாய் உடைப்பால் மஞ்சள் காமாலை வந்தால் கதை வேறு: ஹெபடைட்டிஸ் ஈ தலைகாட்ட ஐந்தாறு வாரம் ஆகும். அதற்குள் உடைப்பைச் சரிசெய்து, சாலையும் போட்டிருப்பார்கள்.

வரைபடத்தில் நோயாளிகளின் வீடுகளைப் புள்ளியிட்டு, அதன் மேல் குடிநீர்க் குழாய், வால்வு, சாக்கடை, மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றையும் வரையுங்கள். ஆனால் புள்ளிகள் அடர்ந்திருப்பது மட்டும் போதாது. அங்கே வீடுகளே அடர்ந்திருக்கலாம். தெருவாரியாக மக்கள்தொகை வாங்கி விகிதம் போடுங்கள். கணக்குக்காக ஒன்று: 600 பேர் உள்ள தெருவில் 48 பேருக்கு நோய் என்றால் தாக்கு விகிதம் 8 சதவீதம். 900 பேர் உள்ள தெருவில் 9 பேர் என்றால் 1 சதவீதம். முதல் தெருவில் ஆபத்து எட்டு மடங்கு. எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகிறது என்பதை வைத்து இந்த விகிதத்தைப் பிரித்துப் பார்த்தால், பல சமயம் அங்கேயே பாதி விடை தெரிந்துவிடும்.

வால்வு திறப்பவரோடு நடங்கள்

அலுவலகத்தில் இருக்கும் குழாய் வரைபடத்தை நம்பி இறங்காதீர்கள். ஊரில் எந்த வால்வு எதைத் திறக்கும் என்று உண்மையில் தெரிந்தவர் தொட்டி இயக்குபவர்தான். அதிகாலையில் அவர் வால்வு திறக்கப் போகும்போது கூடவே போங்கள். பார்க்க வேண்டியவை: வால்வுக் குழியில் சாக்கடைத் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, குழாய் எங்கே சாக்கடையைக் கடக்கிறது, சமீபத்தில் எங்கே சாலை தோண்டினார்கள், எந்த வீட்டுக் குழாய் தரைமட்டத்துக்குக் கீழே குழியில் இருக்கிறது, எங்கெல்லாம் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊர்களில் ஆபத்து தண்ணீர் வராத நேரத்தில்தான் உள்ளே நுழைகிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். வால்வை மூடியதும் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, அதே ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை உறிஞ்சப்படும். வீட்டு மோட்டார்கள் இதை இன்னும் மோசமாக்கும். அதனால்தான் "முதல் அஞ்சு நிமிஷம் கலங்கலா வரும், நாத்தம் அடிக்கும்" என்று மக்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த வீடு, எந்தத் தேதியிலிருந்து.

எஞ்சிய குளோரினைத் தொட்டியில் மட்டும் அளந்துவிட்டுத் திரும்பாதீர்கள். கடைசி வீட்டுக் குழாயில் அளங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி நுகர்வோர் குழாயில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும், பரவல் காலத்தில் 0.5 வரட்டும். தொட்டியில் 1, நடுத்தெருவில் 0.5, கடைசியில் சுழியம் என்றால், வழியில் ஏதோ குளோரினைத் தின்கிறது. அந்தத் துண்டைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளீச்சிங் பவுடர் கணக்கைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். 60,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் வேண்டுமென்றால் மொத்தம் 120 கிராம் குளோரின். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் 480 கிராம் பவுடர். ஈரக் கிடங்கில் திறந்த மூட்டையில் கிடந்து 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 800 கிராம் வேண்டும். பழைய மூட்டையில் வழக்கமான அளவைப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் "குளோரின் இடப்பட்டது" என்று எழுதியிருப்பார்கள்; அதில் பொய் ஒன்றுமில்லை, பயனும் இல்லை. பவுடரை வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு படிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் வால்வு திறக்கலாம்.

தண்ணீர் மாதிரி எடுக்கும் புட்டியில் தயோசல்பேட் இருப்பது எதற்கென்றால், அது இல்லாவிட்டால் புட்டிக்குள்ளேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டிருக்கும். குழாய் முனையைச் சுட்டு, ஓரிரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மேலே சிறிது இடம் விட்டு நிரப்பி, குளிர்ப்பெட்டியில் அன்றே அனுப்புங்கள். அசுத்தம் குழாய் வழியாக முதலில் வருகிறது என்ற சந்தேகம் இருந்தால், வால்வு திறந்ததும் வரும் முதல் நீரிலும் தனியாக ஒன்று எடுங்கள். நீங்கள் வருவதற்குள் யாராவது ஒரு மூட்டை பவுடரைக் கொட்டியிருப்பார்கள். ஆகவே "தண்ணீர் சுத்தம்" என்று அறிக்கை வந்தால், அது இன்றைய தண்ணீரைப் பற்றியது; ஐந்து நாள் முன்பு ஊர் குடித்ததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மல மாதிரி

எல்லோரிடமும் எடுக்க வேண்டியதில்லை. நோய் தொடங்கி ஓரிரு நாளே ஆன, ஆன்டிபயாட்டிக் எடுக்காத 5 முதல் 10 பேர் போதும். குச்சியை மலத்தில் தோய்த்துக் கேரி-பிளேர் ஊடகத்தில் அடிவரை செருகி, மேல்நுனியை உடைத்து மூடுங்கள். இதை ஐஸில் வைக்க வேண்டாம்; காலராக் கிருமி அறை வெப்பத்தில் நன்றாகத் தாங்கும். வைரஸ் சோதனைக்கு ஊடகம் இல்லாத குப்பியில் மலமாகவே எடுத்துக் குளிரில் அனுப்ப வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்து மாதிரி முழுவதும் வீணாவது உண்டு. துரிதச் சோதனைப் பட்டை நேர்மறை காட்டினால் நடவடிக்கைக்கு அது போதும். அறிவிக்க வளர்ப்புச் சோதனை முடிவு வேண்டும்.

ஒப்பீட்டு ஆய்வு

கல்யாண விருந்து என்றால் விருந்தினர் பட்டியல் கிடைக்கும். எல்லோரையும் கேட்டு, சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று தாக்கு விகிதம் போடலாம். ஊர் முழுக்கப் பரவினால், நோயாளிகளை நோய் வராதவர்களோடு ஒப்பிடும் நோயாளி-ஒப்பீட்டாளர் ஆய்வுதான். 40 நோயாளிகள், ஆளுக்கு இரண்டு ஒப்பீட்டாளர் என்று 80 பேர் எடுத்தால் பெரும்பாலும் போதும். ஒரு வீட்டில் முதலில் விழுந்தவரை மட்டும் எடுங்கள். அடுத்தவர் வீட்டுக்குள் தொற்றியவராக இருக்கலாம்.

ஒப்பீட்டாளரை எங்கே தேடுவது என்பதில்தான் ஆய்வு நிற்கும் அல்லது விழும். பக்கத்து வீட்டுக்காரரை எடுப்பது எல்லோருக்கும் வசதி. ஆனால் பக்கத்து வீட்டுக்கும் அதே குழாய்தான். நோயாளியும் அதே தண்ணீர், ஒப்பீட்டாளரும் அதே தண்ணீர் என்றானால் வித்தியாசமே தெரியாது. குற்றவாளியான குழாய் தப்பிவிடும். குழாயைச் சந்தேகித்தால் ஊர் முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் 1-க்குப் பிறகு பேதி வராத, அதே வயதுப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால் சரி.

கேள்விகளை இருவரிடமும் ஒரே சொற்களில், ஒரே நாட்களைப் பற்றிக் கேட்க வேண்டும். "அந்தக் கெட்ட தண்ணியக் குடிச்சீங்களா?" என்று கேட்டால் நோயாளி ஆமாம் என்பார், மற்றவர் இல்லை என்பார். "வீட்டில் குடிக்க எந்தெந்தத் தண்ணீர்? வெளியே போனால்? காய்ச்சியதா? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?" என்று கேளுங்கள். கேன் தண்ணீர்தான் குடிப்போம் என்று சொல்லும் வீட்டிலும் பல் துலக்கவும் மோர் கரைக்கவும் குழாய்த் தண்ணீரே இருக்கும்.

கணக்குக்காக: 40 நோயாளிகளில் 32 பேரும் 80 ஒப்பீட்டாளரில் 28 பேரும் கிழக்குத் தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரு குழுவிலும் குடித்தவர்-குடிக்காதவர் விகிதங்களை ஒப்பிடும் ஆட்ஸ் ரேஷியோ: 32 × 52-ஐ 8 × 28-ஆல் வகுத்தால் 7.4. குடித்த டம்ளர் கூடக்கூட இந்த எண்ணும் கூடினால் வாதம் இன்னும் வலுக்கும். குடிக்காமலே நோய் வந்த அந்த 8 பேரை ஒதுக்கிவிடாதீர்கள். திரும்பப் போய்க் கேளுங்கள். கிழக்குத் தெரு டீக்கடை, பள்ளிக்கூடம், உறவினர் வீடு என்று ஏதாவது கிடைக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டாவது மூலம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டிவரும்.

அறிக்கை

முதல் நாள் மாலையே ஒரு பக்கம்: எத்தனை பேர், எங்கே, என்ன சந்தேகம், இன்று என்ன செய்தோம், நாளை யார் என்ன செய்ய வேண்டும். முழு அறிக்கை பிறகு வரட்டும். பரிந்துரையில் "குடிநீரின் தரத்தை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். எந்த வால்வு, எந்தக் குழாய்த் துண்டு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள்.

அழுத்தம் வரும். ஹைட்டியில் 2010 அக்டோபரில் காலரா வெடித்தபோது, முதல் நோயாளிகள் நேபாள வீரர்கள் தங்கியிருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமுக்குக் கீழே ஓடும் ஆற்றங்கரையில் இருந்தார்கள் என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் ரெனோ பியாரு களத்தில் கண்டறிந்தார். மறு ஆண்டு மரபணு ஆய்வு அந்தக் கிருமியை நேபாளக் கிருமியோடு பொருத்தியது. ஐ.நா. தன் பங்குக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க 2016 ஆனது. தேதியும் இடமும் சரியாக எழுதப்பட்ட பட்டியல் இருந்ததால்தான் அத்தனை ஆண்டு மறுப்பையும் தாண்டி அந்த முடிவு நின்றது. உங்கள் ஊர் அறிக்கையிலும் ஆளைக் குறை சொல்லும் வரிகள் வேண்டாம். கண்டது, அளந்தது, கணக்கு, அவ்வளவுதான்.

கடைசி நோயாளிக்குப் பிறகும் காலராவின் நீண்ட நோயரும்பு காலத்தைப் போல இரு மடங்கு, அதாவது 10 நாள், வீடு வீடாகக் கேட்பதையும் தினசரி குளோரின் அளவையும் விடாதீர்கள். ஆய்விதழுக்கு எழுதும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

எங்கே கற்பது

அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய இ.ஐ.எஸ். (தொற்றுநோய்ப் புலனாய்வுச் சேவை) பயிற்சிதான் உலகெங்கும் உள்ள இரண்டாண்டு களப் பயிற்சிகளுக்கு முன்மாதிரி. இந்திய இ.ஐ.எஸ். 2012 முதல் டெல்லி தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் நடக்கிறது. சென்னையில் அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001-லிருந்து இத்தகைய பயிற்சி தருகிறது. நம் ஊர்க் களத்தை விட்டு நகராமலே கற்கலாம். நீண்டகால ஆய்வு வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி.யைப் பாருங்கள். அங்கே 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்த ரோட்டா வைரஸ் ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. டாக்காவில் ஐ.சி.டி.டி.ஆர்.பி. என்ற பன்னாட்டு வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்தில் வயிற்றுப்போக்கு நோயாளிகளில் ஐம்பதில் ஒருவரை முறையாகத் தேர்ந்து பரிசோதிக்கும் கண்காணிப்பு பல்லாண்டாக நடக்கிறது.

நேர்காணலில் மென்பொருள் பற்றி ஒரு கேள்வி வரலாம். கணக்குக்கு ஆர், வரைபடத்துக்கு க்யூ.ஜி.ஐ.எஸ்., படிவத்துக்குக் கோபோ என்று மூன்றையும் இலவசமாகப் பெறலாம். அடிப்படை தெரிந்தால் போதும். தேர்வாளர்கள் தோண்டித் தோண்டிக் கேட்பது வேறு: வரையறையை ஏன் அப்படி வைத்தீர்கள், ஒப்பீட்டாளரை எங்கிருந்து எடுத்தீர்கள், அந்த 8 பேர் என்ன ஆனார்கள். நீங்களே நடந்து சேகரித்த ஒரு லைன் லிஸ்டும் நீங்களே வரைந்த ஒரு கர்வும் கையில் இருந்தால் இவற்றுக்குத் தடுமாறாமல் பதில் வரும். அது பள்ளிச் சத்துணவு வாந்தி அளவிலான சின்னப் பரவலாக இருந்தாலும் சரி.